குரலை ஒப்படைத்தவர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கண் முழுவதும் வானத்தில் இருக்கும். மானாவாரிக் கரிசலில் ஊன்றிய மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மழை தவறினால் ஓர் ஆண்டின் உழைப்பு தவறிப்போகிறது. அதே மாதத்தில்தான் இந்த ஊர்களின் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் பலர், தாங்கள் உயிரோடு இருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இ-சேவை மையத்தில் முதியவர் ஒருவர் விரல்ரேகைக் கருவியில் விரலை வைக்கிறார். கருவி ஏற்க மறுக்கிறது. "தாத்தா, கையத் துடைச்சிட்டு இன்னொருக்கா வைங்க" என்கிறான் பையன். மறுபடியும் வைக்கிறார். ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. பட்டாளத்திலிருந்து திரும்பிய பின் பல ஆண்டுகள் பிடித்த மண்வெட்டியும், வெட்டிய சீமைக்கருவேலமும், அள்ளிப் போட்ட கரிமூட்டமும் அந்த விரல்களில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நாட்டுக்காகச் சாகத் தயார் என்று இளமையில் உறுதி கொடுத்தவர், முதுமையில் ஆண்டுதோறும், இன்னும் சாகவில்லை என்று உறுதி கொடுக்கிறார். இதில் எவரையும் குறைசொல்ல இடமில்லை. மறைந்தவர் பெயரில் பொதுப்பணம் போகக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் நியாயமான விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது, அவற்றின் அடியில் நிற்கும் மனிதர் எத்தனை தனியாக நிற்கிறார் என்பதை எந்த விதியும் கேட்பதில்லை. 'நான் யார்?' என்ற விசாரத்தை உலகுக்குத் தந்த ரமணர் 1879-ல் பிறந்தது இதே திருச்சுழியில்தான். அவருடையது அகத்தை நோக்கித் திரும்பிய கேள்வி. அதே ஊர்த் தெருவில் நடக்கும் முன்னாள் ஹவில்தார் ஒருவரை நோக்கி வருவதோ வேறு கேள்வி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஓர் எழுத்து, ஆதாரில் வேறோர் எழுத்து, வங்கிக் கணக்கில் தகப்பன் பெயரே இனிஷியலாகச் சுருங்கி நிற்கிறது. இவர்களில் நீர் எவர்? ரமணரின் கேள்விக்கு மௌனமே விடையாகலாம். இந்தக் கேள்விக்கு மௌனம் காத்தால் மாதப்பணம் நின்றுபோகும்.

ரேகை இந்தச் சீமைக்குப் புதிதில்லை. குற்றப்பரம்பரைச் சட்டத்தை இங்கே மக்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிறப்பையே குற்றமாக எழுதிவைத்து, ஆண்களின் கைரேகையை எடுத்துப் பதிவேட்டில் அடைத்த சட்டம் அது. கூட்டங்களும் மனுக்களும் பெருங்காமநல்லூரில் சிந்திய இரத்தமும் தாண்டி, சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது. அந்தச் சட்டம் உயிரோடிருந்த நாட்களிலேயே, இரண்டாம் உலகப் போருக்கென்று இந்தியா முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களும் அதற்கு ஆள் கொடுத்தன. ஒரு தாளில் பதிந்த ரேகை சந்தேகத்தின் சாட்சி, இன்னொரு தாளில் பதிந்த ரேகை விசுவாசத்தின் சாட்சி. இரண்டு தாளையும் கையில் வைத்திருந்தது ஒரே அரசு. இன்று பேரனின் கருவி பாட்டன் விரலைப் படிக்க மறுக்கும்போது, அதற்குப் பின்னால் இத்தனை பழைய கதை இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவர்கள் ஏன் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று கேட்டால் நாம் உடனே தேசபக்தி என்று சொல்லிவிடுகிறோம். சொல்வது எளிது. ஆனால் பரளச்சி, நரிக்குடி, ரெட்டியபட்டிப் பக்கத்து வீடுகளில் அந்த முடிவு பெரும்பாலும் மழைக் கணக்கிலிருந்து பிறந்தது. கண்மாய் பெருகாத ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு இருந்த வழிகள் சிலவே: அருப்புக்கோட்டையின் தறியும் நூற்பாலையும், சிவகாசியின் பட்டாசுக் கொட்டகை, கரிமூட்டம், இல்லாவிட்டால் மதராஸ் ரெஜிமெண்ட். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் மணியார்டர் வரும் ஒரே வழி கடைசியாகச் சொன்னதுதான். ஆகவே போனார்கள். இதைச் சொல்வதால் அவர்களுடைய தியாகம் குறைந்துவிடுமா? குறையாது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் எந்தக் காரணத்தால் கொடுக்க முன்வந்தார் என்பது அவருடைய மனத்தின் வரலாறு. நாம் பட்ட கடனை அளப்பதற்கு அவர் என்ன கொடுத்தார் என்பதே அளவுகோல்.

என்ன கொடுத்தார்? உயிரைக் கொடுக்கச் சம்மதித்தார் என்பது எல்லோரும் அறிந்த விடை. பனியிலும் பாலையிலும் இளமையைக் கொடுத்தார், பிள்ளைகள் நடை பழகிய பருவத்தைத் தொலைவிலிருந்து கடிதத்தில் படித்தார் என்பதும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத ஒன்றையும் அவர் கொடுத்திருக்கிறார். நம் அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கவோ குறைக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொண்டு, சங்கம் சேர்வது, அரசியல் கூட்டத்தில் பேசுவது, பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்க வழிசெய்கிறது. ஆலைத் தொழிலாளி கொடி பிடிக்கலாம், ஆசிரியர் தர்ணா இருக்கலாம், விவசாயி மறியல் செய்யலாம். சிப்பாய் செய்யக் கூடாது. ஆயுதம் ஏந்தியவன் கூட்டம் கூட்டிப் பேரம் பேசத் தொடங்கினால் குடியாட்சி நிலைக்காது என்பதால் அந்தத் தடை தேவையானதுதான். அந்தத் தடையின் பலனை அனுபவிப்பவர்கள் யார்? படைமுகாம்களின் நிழல் விழாத தேர்தல்களில் நிம்மதியாக வாக்களித்து வீடு திரும்பும் நாம். ஆக, சிப்பாய் தன் குரலை நமக்காக ஒப்படைத்திருக்கிறார்.

ஒப்படைத்த குரல் ஓய்வு பெற்ற அன்றே திரும்பிவிடுகிறதா? சட்டப்படி திரும்பிவிடுகிறது. பழக்கப்படி திரும்புவதில்லை. பதினைந்து, பதினேழு ஆண்டுகள் 'ஜீ சாப்' என்ற சொல்லிலேயே வாழ்ந்தவர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஊர் வந்து சேர்கிறார். கேட்காமல் பேசக் கூடாது, மேலதிகாரியைத் தாண்டி முறையிடக் கூடாது, வலியைக் காட்டக் கூடாது என்பவை அவருடைய எலும்பில் ஊறியிருக்கின்றன. மில் வாசலில் காவலாளியாக நிற்கும்போதுகூட அவர் நிற்கும் விதத்தில் அந்த ஒழுங்கு தெரியும். அலுவலகத்தில் ஒரு தாளுக்காக மூன்று முறை திருப்பி அனுப்பினாலும் நான்காம் முறையும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். சத்தம் போட மாட்டார். நம் அலுவலகங்களோ சத்தத்துக்குச் செவி சாய்க்கப் பழகியவை. இதனால், எந்தப் பண்பு அவரை நல்ல சிப்பாயாக்கியதோ அதே பண்பு அவரைத் தோற்றுப்போகும் மனுதாரராகவும் ஆக்கிவிடுகிறது.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 2003 முதல் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அரசு வேலைகளில் ஒதுக்கீடு இருக்கிறது. 2024 சுதந்திர நாள் உரையில் தமிழ்நாட்டு முதல்வர் அறிவித்த 'காக்கும் கரங்கள்' திட்டம் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் முப்பது விழுக்காடு மூலதன மானியமும் தருவதாகச் சொல்கிறது. இவை பெரிய காரியங்கள். ஆனால் எந்தத் திட்டமும் கேட்கத் தெரிந்தவரைத்தான் முதலில் போய்ச் சேர்கிறது. கேட்காதிருப்பதையே ஒழுக்கமாகக் கற்றவரின் வாசலுக்கு அது தானாக வருவதில்லை.

அவர் மனைவியின் நிலை இன்னும் ஆழமானது. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தைப் பார்த்திருந்தால் அங்கே ஒரு பெயர், கணவர் அவசர லீவில் வந்து தாலி கட்டிப் போனபின் ரெஜிமெண்டுக்கு எழுதிக் கொடுத்த பெயர் ஒன்று. சில வீடுகளில் அதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இருந்தவரை இதனால் ஒரு குறையும் வரவில்லை. இறந்த பிறகுதான், தன் கணவனை அரசுக்குத் தெரியும், தன்னைத் தெரியாது என்ற உண்மை அவளுக்குத் தெரிகிறது. நாற்பது ஆண்டு இல்லறத்துக்குச் சான்று கொண்டு வா என்றால் ஒருத்தி எங்கே போவாள்? ஊரில்தான் தேட வேண்டும். கல்யாணத்தன்று பந்தலில் இருந்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு உடனிருந்தவர்கள், பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள்தாம் சான்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து மனுவை எழுதுகிறார். இ-சேவைப் பையன் கூடுதல் காசு வாங்காமல் பிரதி எடுத்துக் கொடுக்கிறான். திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் துணைக்கு ஒருத்தி ஏறி உட்காருகிறாள். சாதாரணக் குடிமக்கள் படைவீரருக்காக வாதாடுவது என்ற பெரிய பேச்சு, இந்தக் கரிசல் காட்டில் நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது. இதில் மேடையும் கிடையாது, மாலையும் கிடையாது. 'எனக்குத் தெரியும், இவள் அவர் மனைவிதான்' என்று சொல்லி ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்.

இந்தக் கையெழுத்தைச் சிறிய செயலென்று எண்ணிவிடக் கூடாது. நம் முன்னோர் இதையே கல்லில் செய்தார்கள். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்து வைத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஊரே சேர்ந்து செய்யும் செயல் அது. கல்லோடு நின்றுவிடவும் இல்லை. போரில் மாண்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கின்றன. கொடுத்தது நிலம் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. நிலம் ஆண்டுதோறும் விளையும், தலைமுறை தாண்டியும் நிற்கும். எல்லைக்கல் நட்ட நிலத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இது இன்னார் இரத்தத்துக்கு விட்ட நிலம் என்று மாடு மேய்க்கும் சிறுவன்கூடச் சொல்வான். கடன் பட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பது பகல் வெளிச்சத்தில் கிடந்தது. இன்றைய ஓய்வூதியம் பிரயாக்ராஜில் இருக்கும் கணக்கு அலுவலகத்துக்கும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இடையே நடக்கிற காரியம். ஊருக்கு அதில் பங்கில்லை. வந்தால் யாருக்கும் தெரியாது, நின்றாலும் யாருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் நன்றி இயந்திரத்தின் உள்ளே போய்விட்டதால், நன்றி செலுத்த வேண்டியவர்கள் தங்கள் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

அப்படி எண்ண நமக்கு வசதியாகச் சில சடங்குகளும் கிடைத்துவிட்டன. 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். பள்ளிக்கூடங்களில் உண்டியல் வருகிறது, காசு போடுகிறோம், சட்டையில் சின்னக் காகிதக் கொடி குத்தப்படுகிறது. காசு நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. ஆனால் அந்தக் கொடி நம் மனச்சாட்சிக்குக் கொடுக்கப்பட்ட ரசீதாகவும் ஆகிவிடுகிறது. மறைந்தவர்களிடம் நாம் இன்னும் தாராளமாக இருக்கிறோம். வேலூர்க் கடைத்தெருவின் மணிக்கூண்டில், இவ்வூரிலிருந்து 277 பேர் முதல் உலகப் பெரும்போருக்குச் சென்றார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று பொறித்த கல் இருக்கிறது. அந்த 14 பேரைப் பற்றி நினைக்க ஒரு கல் போதும். திரும்பி வந்த 263 பேர் என்ன ஆனார்கள், எதைத் தின்றார்கள், இரவில் எதைக் கண்டு விழித்தார்கள் என்று கல் சொல்லவில்லை. கல்லின் குற்றம் அன்று அது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்த இருபது பேரில் ஒருவரான ஹவில்தார் பழனி, நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கடுக்கலூர்க்காரர். அவர் உடல் ஊர் வந்தபோது தமிழ்நாடே தலைவணங்கியது. அதே ஆண்டில் சத்தமில்லாமல் ஓய்வு பெற்று டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை யார் பார்த்தோம்? இறந்தவர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் அவரைப் போற்றுவது நமக்கு எளிதாக இருக்கிறது. உயிரோடு வந்தவருக்குத் தேவைகள் இருக்கின்றன, குறைகள் இருக்கின்றன, சில நேரம் குடி இருக்கிறது, கோபம் இருக்கிறது. அவரைச் சிலையாக்க முடியாது.

கேட்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை 2015-ல் பார்த்தோம். ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணிபுரிந்தவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றாலும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்பது கோரிக்கை. மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத் சிங் கோஷியாரியின் தலைமையில் விசாரித்து, 2011 டிசம்பரிலேயே அதை ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 2015 ஜூன் மாதத்தில் முன்னாள் படையினர் டெல்லி ஜந்தர் மந்தரில் தொடர் உண்ணாவிரதம் உட்கார வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 14 அன்று, விடுதலை நாளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நெஞ்சில் பதக்கம் தொங்கிய முதியவர்களைக் காவலர்கள் அப்புறப்படுத்த முயன்றதை நாடு தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தது. செப்டம்பர் 5-ல் அறிவிப்பு வந்தது. நவம்பர் 7-ல் ஆணை வந்தது. கோரிக்கையின் நுணுக்கங்களில் இன்றும் வழக்குகளும் மனக்குறைகளும் உண்டு, அவற்றுள் நாம் போகவில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று. வாழ்நாளெல்லாம் கேட்காமலிருக்கப் பயின்றவர்கள் தங்களுக்காகத் தாங்களே தெருவில் இறங்கிக் கேட்கும் நிலை வந்தது. நாம் அப்போது பார்வையாளர்களாக இருந்தோம்.

வேறு இடத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பிரிட்டனுக்காகப் போரிட்ட கூர்க்கா வீரர்களில் 1997-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நாட்டில் குடியேற உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து அங்கே எழுந்த குரலில் கூர்க்காக்களின் குரலை மிஞ்சி ஒலித்தது சாதாரண பிரிட்டிஷ்காரர்களின் குரல். முன்னால் நின்றவர் ஜோனா லம்லி என்ற நடிகை. அவர் தந்தை கூர்க்காப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 2009 ஏப்ரல் 29-ல் அரசு தன் நாடாளுமன்றத்திலேயே வாக்கெடுப்பில் தோற்றது. மே 21-ல் உரிமை கிடைத்தது. ஓய்வூதியச் சமத்துவத்துக்காக அவர்கள் 2021-லும் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒரு வெற்றியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் அந்த 2009-ல் ஒரு வேறுபாடு தெரிந்தது. வரவேண்டியவன் வாய்திறந்து கேட்டால் உலகம் அதைக் கோரிக்கை என்கிறது. கொடுக்க வேண்டியவனே எழுந்து 'நான் இன்னும் கொடுக்கவில்லை' என்று சொன்னால் அது வாக்குமூலம் ஆகிறது. வாக்குமூலத்துக்கு எதிராக எந்த அரசும் நெடுநாள் வாதாட முடியாது.

எளிதான இடங்களிலேயே நின்று பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்த வட்டாரத்திலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களில் பலர் 1943 முதல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பின் அவர்களை இந்தியப் படை தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-ல்தான் தியாகிகள் ஓய்வூதியம் பிறந்தது. அதற்கும் சிறை ஆவணம் வேண்டும், இல்லாவிட்டால் உடன் சிறையிருந்தவரின் சான்று வேண்டும். காட்டில் கரைந்துபோன ஒரு படையின் சிப்பாய் ஆவணத்துக்கு எங்கே போவார்? தியாகி ஓய்வூதிய வழக்கொன்றில் 2001-ல் உச்ச நீதிமன்றம், குற்றவழக்கில் கேட்பது போன்ற கடுஞ்சான்றை இவர்களிடம் கேட்கக் கூடாது என்று கருணையோடு சொன்னது. அதற்குள் பலர் சான்று தேவைப்படாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைவிடக் கடினமானது ஈழத்துக்குப் போய்வந்த அமைதிப்படையின் கதை. 1987-ல் போன படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த மறுப்புக்குப் பின்னால் ஈழத்தமிழரின் ஆறாத துயரம் இருந்தது, அதை எவரும் சிறிதாக்க வேண்டியதில்லை. எங்கே படையினர் குடிமக்களுக்குத் தீங்கிழைத்தார்களோ அங்கே சீருடை அவர்களுக்குக் கவசமாகவும் கூடாது. இருந்தும் அந்தக் கப்பல்களில் வந்து இறங்கியவர்களில் காலை இழந்த ஒரு சிப்பாய் இருந்தால், எந்தத் தீவில் இறங்குவது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்களைத் தேர்ந்தெடுத்தது நாம். போரைக் கண்டிப்பதும், போருக்கு அனுப்பப்பட்டவரைத் தாங்குவதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும்போதுதான், போரை ஆதரிப்பவர் சிப்பாயைப் பதாகையாக்கிக்கொள்கிறார், போரை வெறுப்பவர் சிப்பாயை மறந்துவிடுகிறார். பதாகையானாலும் மறதியானாலும் அந்த மனிதருக்கு ஒரு கால் திரும்ப வந்துவிடப் போவதில்லை.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். கரிமூட்டத்தில் நுரையீரல் கருகியவருக்கு, பட்டாசுக் கொட்டகையில் கை போனவருக்கு, வாழ்நாளெல்லாம் களையெடுத்த கிழவிக்கு என்ன ஓய்வூதியம் இருக்கிறது? இந்தச் சீமையில் மாதம் பிறந்தால் பணம் வருகிற வீட்டைப் 'பென்ஷன் வீடு' என்று ஊர் சற்றுப் பொறாமையோடுதான் சொல்கிறது. பொறாமைக்குக் காரணம் உண்டு. சிப்பாய் மற்ற உழைப்பாளியைவிட உயர்ந்த பிறவி என்று நாம் வாதிட வரவில்லை. அப்படி வாதிடுகிறவர்கள் அவரை மனிதர் வரிசையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். நாம் சொல்வது எளிமையானது. கண்மாய்க் கரையில் மழை இரவெல்லாம் காவல் நின்ற நீர்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்து போடுவதை எந்த ஊரும் தர்மம் என்று சொன்னதில்லை. அது அவன் பங்கு. பங்கை மறந்தது களத்தின் குற்றம். அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்களும் களத்தில் நெல் குவித்தவர்களே. அப்படிச் சொல்லப் பழகிய ஊர், களையெடுத்தவளின் பங்கையும் நாளைக்குச் சொல்லத் தயங்காது என்றே நம்புகிறோம்.

சிப்பாய் படையில் சேரும்போது ஓர் உறுதிமொழி எடுக்கிறார், ஒரு தாளில் கையெழுத்தோ ரேகையோ இடுகிறார். எதிர்ப்பக்கத்தில் அரசின் முத்திரை விழுகிறது. நம் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஆனால் அந்த முத்திரைக்குப் பொருள் தருவது, கரிசலில் விதைக்கிறவரும் தறியில் நெய்கிறவரும் பள்ளியில் பாடம் சொல்கிறவரும் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவரும் சேர்ந்து அரசு என்ற ஒன்றைத் தங்கள் பெயரால் நடக்க விட்டிருக்கிறார்கள் என்பதுதான். ஆகவே அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு எழுதிக் கையெழுத்திட்டது, மறுதரப்பு எழுதாமலே கட்டுண்டது. எழுதிய தரப்பு தன் சொல்லை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிவிட்டுத் தன் குரலையும் விட்டுவிட்டு வந்து நிற்கும்போது, எழுதாத தரப்பு செய்யக்கூடிய முதற்காரியம், அந்தக் குரலாகத் தானே இருப்பது. இதை இரக்கம் என்று சொல்வது அவரையும் குறைக்கும், நம்மையும் குறைக்கும். ஒப்பந்தத்தில் நம் பக்கத்துக் கையெழுத்து, காலந்தாழ்த்தி இடப்படுகிறது என்பதே சரி.

அதை இடுவதற்குரிய இடமும் தொலைவில் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடிநீருக்கும் சாலைக்கும் நூறு நாள் வேலைக்கும் தீர்மானம் போடுகிற அதே பாயில் உட்கார்ந்து, நம் ஊரில் படையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், விதவைகள் எத்தனை பேர், யாருக்கு வர வேண்டியது வரவில்லை என்று ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் எழுந்து கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய அவசரம் ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது. உலகப் போருக்கென்று எடுக்கப்பட்டு, போர் முடிந்ததும் 1946-ல் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி நம் தாத்தாக்கள் காலத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. மிகப் பிந்தியே மாநில அரசு அவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. அதே மறதி மறுபடியும் நேரக்கூடிய இடத்தில் இன்று நிற்கிறோம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கென்று சேர்ந்த இளைஞர்களில் முதல் அணியினரின் காலம் 2026-ன் இறுதியில் முடிகிறது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் படையில் தொடர முடியாது என்பது விதி. மற்றவர்கள் இருபத்தைந்து வயதை ஒட்டி, சேவா நிதி என்ற ஒரு தொகையோடு ஊர் திரும்புவார்கள். ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அவர்களுக்கு இல்லை, அதனால் அந்த நல அலுவலகத்தின் கதவு அவர்களுக்குத் திறக்குமா என்பதே கேள்வி. மத்தியக் காவல் படைகளில் இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் அங்கே இடம் இராது. கரிசல் காட்டின் இளைஞர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை இப்போதே யாராவது கேட்டு எழுத வேண்டும். அவர்கள் எழுத முடியாது. இன்னும் சீருடையில் இருக்கிறார்கள்.